மூன்றாம் தொட்டியின் எடை

காலியான தொட்டி முப்பத்தோரு கிலோ இருந்தது.

திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது பயமில்லை, சலிப்பு. சனிக்கிழமை மாலை மூன்றாம் தொட்டியை அடிவரை வடித்து, குழாய்களை அடைத்து, பாய்லரை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்போது எடை பூஜ்ஜியம். பதிவில் அப்படித்தான் இருந்தது. ஞாயிறு காலையிலிருந்து, ஆள் அரவமில்லாத கொட்டகையில், அந்தத் தொட்டி கிலோ கிலோவாகக் கனத்து, மாலைக்குள் முப்பத்தொன்றில் வந்து நின்றிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு பத்தொன்பது. அதற்கும் முந்தைய ஞாயிறு எட்டு.

அது கொழுப்பு உருக்கும் ஆலை. இறைச்சிக் கடைகள் வேண்டாமென்று ஒதுக்கும் சவ்வும் நிணமும் நீல நிறப் பீப்பாய்களில் வந்து இறங்கும். ஆவியில் வெந்து, இறுகி, வெள்ளைக் கட்டிகளாக சோப்பு செய்கிறவர்களிடம் போகும். உள்ளே ஒரு மணி நேரம் இருந்தால் போதும், நாக்கின் மேல் மெல்லிய தோல் ஒன்று படர்ந்துவிடும். கட்டுப்பாட்டு அறையின் விசைப்பலகையில் எந்த எழுத்தை அழுத்தினாலும் விரல் நுனி ஒட்டிக்கொண்டு பிரியும். கண்ணாடிச் சுவரை யார் துடைத்தாலும் துணிதான் அழுக்காகும். கண்ணாடி தன் மங்கலை விடாது. அவள் பத்து வருடமாக அங்கே வேலை பார்த்தாள். பத்து வருடமாக மதியச் சாப்பாட்டை வாசலுக்கு வெளியே, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துத்தான் சாப்பிட்டாள்.

தொட்டிகளை நடத்துவது அவள் பராமரித்துவந்த ஒரு புரோகிராம். எப்போது ஆவி போக வேண்டும், எப்போது கிளற வேண்டும், எப்போது மேல்மூடியைத் திறக்க விடலாம் என்பதெல்லாம் அதன் கையில். தொட்டியின் நான்கு கால்களுக்கு அடியிலும் எடை பார்க்கும் கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தொட்டியின் சொந்த எடையைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டி அது திரையில் காட்டும். எழுதிவைத்த ஆள் எப்போதோ போய்விட்டார். எழுதிய மொழியோ, உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்புமளவுக்குத்தான் அது தெரிந்த ஆட்கள் இருப்பார்கள்.

மேலாளர் மூன்று ஞாயிறுகளின் பதிவையும் அச்செடுத்து அவள் மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, அவர் கோபப்படாமல் பேசும்போதுதான் எல்லோரும் பயப்படுவார்கள். மூன்றாம் தொட்டியைக் கவனிப்பவன் அவளுடைய தம்பி. அவளே சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை. சந்தையில் விலைபோகாத அழுகிய சரக்கை யாரிடமோ வாங்கி விடுமுறை நாளில் தொட்டிக்குள் கொட்டுகிறான் என்று மேலாளருக்குச் சந்தேகம்.

"ஒண்ணு புரோகிராம் தப்பு. இல்லன்னா உங்க தம்பி தப்பு. மூணாவதா ஒண்ணு இருக்கறதா எனக்குத் தோணல," என்றார். "அடுத்த திங்கக்கிழமைக்குள்ள எதுன்னு சொல்லிடுங்க."

அவள் தம்பியைக் கேட்டாள். அவன் தொட்டிக்கு அடியில் குந்தி, சுரண்டியின் விளிம்பில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டிருந்தான். ஞாயிறு முழுக்க வீட்டில் தூங்கினேன் என்றான். அவன் பொய் சொன்னால் இடது காதைத் தொடுவான்; தொடவில்லை. பிறகு, கேட்காத ஒன்றைச் சொன்னான்.

"மூணுல மட்டும் சுவத்துல ஒரு படலம் நிக்குதுக்கா. உள்ளங்கை கனம் இருக்கும். வடிச்சா வடியாது. சனிக்கிழமை அது ஏணிக்கு எதிர்ப்பக்கம் இருந்துச்சு. திங்கக்கிழமை மூடிக் கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பாக்கறேன், ஏணிக்குக் கீழ இருக்கு."

வழிந்து இறங்கியிருக்கும் என்றாள் அவள்.

"இருக்கும்," என்றான். சுரண்டியை முகத்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து, முகத்தைச் சுளித்தான். "ஆனா பாய்லர் நிறுத்தி ரெண்டு நாள் ஆகியும் சூடா இருக்கு."

*

புரோகிராமில்தான் தப்பு என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அதைக் கண்டுபிடித்துக் காட்டினால் தம்பி தப்பிப்பான். அதற்கு ஒரு நல்ல டீபக்கர் வேண்டும். ஓடுகிற புரோகிராமை வேண்டிய வரியில் பிடித்து நிறுத்தி, அந்த நொடியில் எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று திறந்து காட்டுகிற கருவி அது. பிரபலமான மொழிகளுக்கு அது காலடியில் கிடக்கும். இந்த மொழிக்கு அவள் ஒரு வாரம் அலைந்தாள்.

மொழியோடு கூடவே வந்த டீபக்கர், இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஓடுகிற இடத்துக்கு வந்ததும் உயிரைவிட்டது. ஏதோ ஒரு கல்லூரி மாணவன் பொழுதுபோக்காக எழுதி வலையில் போட்டிருந்த இரண்டாவது, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு வரி பின்தங்கியே காட்டியது. எண் ஏற்கெனவே மாறியிருக்கும், அது பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது அதைவிட மோசம். அதை மாட்டினாலே புரோகிராம் மெதுவாகிவிடும், மெதுவானால் தப்பு ஒளிந்துகொள்ளும். டாக்டரைப் பார்த்ததும் நின்றுபோகும் வயிற்றுவலி மாதிரி.

சாயங்காலங்களில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு தேடினாள். மேசையின் மறுகோடியில் கணவர், பல் செட் செய்பவர், யாருடைய வாய்க்கோ மெழுகில் ஈறு வனைந்துகொண்டிருப்பார். இத்தனை வருடம் அவருடைய வேலை அவளை உறுத்தியதில்லை. அந்த வாரம், இளஞ்சிவப்பு மெழுகை அவர் விளக்கில் காட்டி, இளக்கி, கட்டைவிரலால் வழித்துச் சமன்செய்வதைப் பார்க்க முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தலகாணி உறையை மாத்திட்டேன்," என்றார் அவர் ஒருநாள், தலையை நிமிர்த்தாமலே. "தலகாணியையே மாத்திட்டேன். அப்பவும் அந்த வாடை அடிக்குது."

அவள் அன்று மூன்று முறை தலைக்குக் குளித்தாள். சோப்பு கையில் நுரைத்தபோது, இது எங்கிருந்து வந்தது என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது, வாந்தி வந்தது.

நான்காவது டீபக்கர் வியாழக்கிழமை கிடைத்தது. அந்த மொழிக்காரர்கள் கடிதம் எழுதிக்கொள்ளும் பழைய குழு ஒன்றில், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு மூலையில், யாரோ ஒருவர் தானே எழுதியதை வைத்துவிட்டுப் போயிருந்தார். பெயரில்லை. இது காட்டுவது பிடிக்கவில்லையென்றால் புரோகிராமைச் சந்தேகியுங்கள், அல்லது உலகத்தைச் சந்தேகியுங்கள், இதைச் சந்தேகிக்காதீர்கள் என்று ஒரு குறிப்பு மட்டும். திமிர் பிடித்த மனுஷன் என்று நினைத்தாள். ஆனாலும் சோதித்தாள். சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதி அதில் ஏழு தப்புகளை வேண்டுமென்றே புதைத்தாள். கருவி ஏழையும் தோண்டி எடுத்ததோடு, அவள் அறியாமல் செய்த எட்டாவதையும் எடுத்து முன்னால் வைத்தது. பின்தங்கவில்லை. புரோகிராமின் வேகத்தைக் குறைக்கவில்லை. நிறுத்தியும் பார்க்கலாம், நிறுத்தாமல், ஓட ஓட எட்டிப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

*

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஆலையைத் திறந்துகொண்டு போனாள். காவலாளி வாசலோடு சரி, உள்ளே யாருமில்லை. வேலை நாளில் சத்தம் மறைத்துவைத்திருந்த எல்லாம் இப்போது வெளியே வந்திருந்தன: எங்கோ குழாய் மூட்டிலிருந்து சொட்டுவது, தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்வது, ஈக்களின் ஒரே சுருதியான ரீங்காரம். ஆறிப்போன கொழுப்பின் வாடை, சூடான கொழுப்பின் வாடையை விடக் கொடியது. அது மூக்கில் ஏறாமல் தொண்டையில் இறங்கி உட்காரும். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மூன்று தொட்டிகள் வரிசையாக நின்றன. மூன்றாவதன் வெளிப்புறத்தில் மட்டும் ஈக்கள் இல்லை.

திரையில் மூன்றாம் தொட்டி: நாற்பது கிலோ.

டீபக்கரை மாட்டினாள். எடையைக் கூட்டுகிற வரியில் நிறுத்தினாள். கூட்டல் சரி. கழித்தல் சரி. ஒரு மணி நேரம் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்தாள். தப்பு இல்லை. இருக்க வேண்டுமே என்று மறுபடியும் தட்டினாள். இல்லை.

கடைசியில், கூட்டுவதற்கு முன்னால் நான்கு கால்களும் தனித்தனியாக என்ன சொல்கின்றன என்று பார்த்தாள்.

முதல் காலில் நாற்பது. மற்ற மூன்றிலும் பூஜ்ஜியம்.

ஒரு கருவி கெட்டிருக்கிறது என்று நினைத்தபோது உடம்பே லேசானது. அடுத்த அளவை எடுக்க விசையைத் தட்டினாள்.

இரண்டாம் காலில் நாற்பது. மற்ற மூன்றிலும் பூஜ்ஜியம்.

தட்டினாள். மூன்றாம் கால். தட்டினாள். நான்காம் கால். தட்டினாள். மறுபடியும் முதல் கால்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொட்டகைக்குள் ஏதோ வழுக்கி நகர்ந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஈரத்துணியைத் தரையில் இழுத்த மாதிரி. அல்லது கேட்கவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து தட்டினாள். ஐந்து நிமிடத்தில் அது எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றியிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கால்தான் தாண்டியிருந்தது. இரண்டாம் காலில் நாற்பது. கால் மணி நேரம் காத்திருந்து தட்டினாள். மூன்றாம் கால். அவள் தட்டுவதற்காக அது காத்திருந்தது.

உள்ளங்கை வேர்த்தது. வேர்வையா, விசைப்பலகையின் பிசுக்கா தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு முறை என்று தட்டினாள்.

பத்து. பத்து. பத்து. பத்து.

அது நடுவில் வந்து நின்றுவிட்டது.

அவள் எதையும் அணைக்காமல் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, தொட்டிகள் இருந்த பக்கம் திரும்பாமல் வெளியே வந்தாள். காவலாளி என்னவோ கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க, யாரோ தன் வாய்க்குள் விரலைவிட்டு ஈறுகளை ஒரு சுற்று தடவிப் பார்த்த மாதிரி இருந்தது.

*

திங்கட்கிழமை காலை மேலாளர் கேட்பார். புரோகிராமில் தப்பில்லை என்று சொன்னால் தம்பி வெளியே போவான். வேறு எந்த ஆலையும் அவனைச் சேர்க்காது. அவன் பிள்ளைக்கு ஒன்றரை வயது. தொட்டிக்குள் ஏதோ சுற்றிவருகிறது என்று சொன்னால் அவளே வெளியே போவாள். இரண்டையும் எண்ணிப் பார்த்து, காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து உட்கார்ந்து, புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். தொட்டியை வடித்து அடைத்தாகிவிட்டது என்றால், கால்கள் என்ன சொன்னாலும் சரி, எடை பூஜ்ஜியம் என்றே காட்டு.

புண்ணைக் கழுவாமல் மேலே பிளாஸ்திரி ஒட்டுகிற வேலை. அது அவளுக்குத் தெரியும். தப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன் என்று மேலாளரிடம் சொன்னபோது, தன் இடது காதைத் தானே தொட்டுக்கொண்டிருந்தது பிறகுதான் உறைத்தது.

அன்று மாலை தம்பி வீட்டுக்கு வந்தான். நன்றி என்றெல்லாம் சொல்லத் தெரியாதவன். பின்கட்டில் ஆறு மாதமாக அறுந்து கிடந்த துணிக்கொடியைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். போகும்போது மாமாவிடம், உங்க வீட்டம்மா இல்லன்னா நான் தெருவுலதான் என்று சிரித்தான். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளால் மூன்றாம் தொட்டியின் பக்கம் பார்க்க முடியவில்லை. வேலை நாட்களில் டன் கணக்கில் கொழுப்பு கொதிக்கும்போது அந்த நாற்பது கிலோ எங்கே இருக்கும்? எல்லாவற்றோடும் கரைந்து, வடிந்து, கட்டிகளாக வண்டியேறிப் போய்விடுமா? போய்விட்டு எதுவாகத் திரும்பி வரும்? அவள் குளியலறையிலிருந்த சோப்பையெல்லாம் எடுத்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கணவர் மெழுகு வேலையை மட்டும் மாடிக்கு மாற்றிக்கொண்டார்.

சனிக்கிழமைக்குள் மனசு கேட்கவில்லை. ஞாயிறு ஒரு நாள் போய், அந்த வரியை எடுத்துவிடுவது. திங்கட்கிழமை மேலாளரிடம் உண்மையைச் சொல்லி, நான்கு கால்களின் எண்களையும் அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டுவது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

*

வாசலில் தம்பியின் சைக்கிள் நின்றது.

மேலாளர் வரச்சொன்னார் என்றான் காவலாளி. எடைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதால், காலியாக இருக்கும்போதே மூன்றாம் தொட்டிக்குள் இறங்கி அந்தப் படலத்தைச் சுரண்டிவிடச் சொன்னாராம். துணைக்கு பாய்லர் ஆளும் வந்து, சுரண்டிய பிறகு கழுவுவதற்காகப் பாய்லரை மூட்டிவைத்திருக்கிறான். எந்நேரமும் பல்லிடுக்கில் விசிலடித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்கு ஆலையில் பெயர் சீட்டி.

உள்ளே இருந்து அந்த விசில் கேட்டது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மூடி திறக்காது. தொட்டியில் ஐந்து கிலோவுக்கு மேல் எடை இருந்தால் மூடியின் பூட்டு விடாது. கொதிக்கிற கொழுப்பில் யாரும் தவறி விழக்கூடாதென்று புரோகிராமிலேயே எழுதியிருக்கிறது.

கட்டுப்பாட்டு அறையின் கதவைத் தள்ளும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூட்டு கால்களைக் கேட்காது. திரையில் இருக்கிற எண்ணைக் கேட்கும்.

திரையில் மூன்றாம் தொட்டி: பூஜ்ஜியம். அவள் போட்ட பூஜ்ஜியம்.

மங்கிய கண்ணாடிக்கு அப்பால், தொட்டியின் உச்சியில் மூடி மல்லாந்து திறந்து கிடந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தம்பி, தொட்டியைத் தொடாமல் தனியாக நிற்கும் மேடையில், விளிம்பை ஒட்டி உட்கார்ந்திருந்தான். சீட்டி கயிற்றுச் சக்கரத்தின் அருகே அவன் எடையைக் கேட்டுச் சீட்டில் எழுதினான். இறக்குகிற ஆளின் எடைக்குத் தகுந்தபடி சக்கரத்தை வைக்க வேண்டும். அறுபத்தெட்டு என்று தம்பி கத்திச் சொன்னது கண்ணாடி வழியாக மெல்லக் கேட்டது.

அவள் விரல்கள் தாமாகவே டீபக்கரை மாட்டின. நிறுத்தாமல், ஓட ஓட.

முதல் கால், ஐம்பத்திரண்டு. இரண்டாம் கால், ஐம்பத்திரண்டு. மூன்றாம் கால். நான்காம் கால். அவள் தட்டவேயில்லை, அது தானாகவே போனது. இரண்டாம் காலுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

இரண்டாம் காலுக்கு மேலேதான் ஏணி.

தம்பியின் தலை விளிம்புக்குக் கீழே இறங்கி மறைந்தது.

எண் நூற்றிருபது ஆனது.

கொட்டகையின் ஒலிபெருக்கி மைக்கை அவள் எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. "தம்பி, வெளிய வா. இப்பவே. வெளிய வா." அவள் குரல் நான்கு மூலைகளிலிருந்தும் மோதித் திரும்பியது. சீட்டி விசிலை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

இரண்டாம் கால், நூற்றிருபது.

தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். சப்புக்கொட்டுகிற சத்தம். ஒரே ஒரு தடவை.

இரண்டாம் கால், நூற்றிருபது.

பிறகு விளிம்பில் ஒரு கை வந்தது. இன்னொரு கை. தம்பியின் தலை, தோள். அவள் நாற்காலியில் சரிந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூக்கைத் துடைத்தாள். அவன் ஏறி வெளியே வந்தான். எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்கவில்லை. தலைமுடி நனைந்து மண்டையோடு ஒட்டியிருந்தது, முகமெல்லாம் பளபளத்தது. குனிந்து மூடியைத் தானே இழுத்துச் சாத்தினான். சீட்டியிடம் என்னவோ சொன்னான். சீட்டி தலையை ஆட்டிவிட்டு, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாய்லர் பக்கம் நடந்தான். விசில் மறுபடி தொடங்கியது.

தம்பியின் இடுப்பில் கயிறு இல்லை. மூடியின் இடுக்கில் நசுங்கி, அது உள்ளே போயிருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள்.

அவன் வெளியே வந்துவிட்டான். அறுபத்தெட்டு குறைய வேண்டும். ஐம்பத்திரண்டு மிஞ்ச வேண்டும்.

இரண்டாம் கால், அறுபத்தெட்டு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இந்தக் கருவி பின்தங்காது. இந்தக் கருவி தப்பாகச் சொல்லாது. அவளே சோதித்தது.

அறுபத்தெட்டு.

படிகளில் காலடி ஏறியது. செருப்பில்லாத காலடி. ஒவ்வொரு அடியும் ஒட்டி, ஒட்டிப் பிரிந்தது. கதவு திறந்தது. வாடை முதலில் வந்தது. ஆறியதும் இல்லை, சூடானதும் இல்லை. உடம்புச் சூட்டில் இருந்த கொழுப்பு.

"என்னக்கா," என்றான். குரல் அவனுடையதுதான். வாய் மட்டும் கொஞ்சம் தாமதமாக அசைந்தது.

அவன் மேசைக்கு வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தான். அவன் கன்னத்திலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்து, வெள்ளையாக இறுகியது.

"சீட்டி அண்ணன ஆவி திறக்கச் சொல்லிட்டேன்," என்றான். "உள்ள படலம் இருக்கு. சூடு பண்ணாதான் வரும்."

குழாய்கள் முனகின. எங்கோ ஆவி சீறத் தொடங்கியது.

திரையில் எண் அசைந்தது. இரண்டாம் கால், அறுபத்தெட்டு. முதல் கால். நான்காம் கால். மூன்றாம் கால். இரண்டு. ஒன்று. மூன்று. வேகமாக. வரிசை தப்பி. சுவரைத் தேடுகிற மாதிரி. ஏணியைத் தேடுகிற மாதிரி.

ஆவியை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் மேசையின் ஓரத்தில் இருந்தது. அவள் பாய்ந்தாள். அவன் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது. பொத்தானின் மேல் முழுவதுமாகப் படிந்து, மூடிக்கொண்டு, மெத்தென்று, அவசரமே இல்லாமல்.

அவள் அவன் முழங்கையைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். விரல்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தோலைத் தாண்டி, வெதுவெதுப்பாக, கணு வரைக்கும் இறங்கின. எலும்பு தட்டவில்லை. அவள் கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவன் கையில் நான்கு குழிகள். ரத்தம் இல்லை. வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, திறந்தபடி.

அவன் அவற்றைக் குனிந்து பார்த்தான். கொட்டகையில் மூன்றாம் தொட்டியின் தகரத்தை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். அவன் மறு கையின் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, நான்கு குழிகளையும் ஒவ்வொன்றாக, பொறுமையாக, வழித்து மூடினான்.